அந்த எண்ணெயை இப்போதைக்கு அனுப்பாதே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையால் எழுதத்தான் ஆசை. ஆனால் முதல் வரியில் ஒழுங்காக இருக்கும் எழுத்து, நாலாவது வரிக்குள் எனக்கே படிக்க முடியாதபடி சிறுத்துவிடுகிறது. அதனால் ஒற்றை விரலால் தட்டுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

என் பார்க்கின்சன் நோய்க்குக் கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த எண்ணெயை அனுப்பட்டுமா என்று கேட்டு நீ அனுப்பிய காணொளியை அம்மாவும் நானும் பார்த்தோம். கை கிடுகிடுவென்று ஆடும் ஒருவர் நாக்குக்கு அடியில் அந்த எண்ணெயைச் சில சொட்டு விடுகிறார், கொஞ்ச நேரத்தில் கை அடங்கிவிடுகிறது. பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அவர் இந்த நோய்க்கு வழக்கமாகப் போடும் லெவோடோபா மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டார் என்று அதில் யாரும் சொல்லவில்லையே! காலையில் மாத்திரைக்கு முன்னால் என்னைப் படம் பிடித்தால், சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டும் ஒரு கிழவன் தெரிவான். ஒரு மணி நேரம் கழித்துப் பிடித்தால் நானே காபி ஆற்றிக் குடிப்பேன். நடுவில் எந்த எண்ணெயும் இல்லை.

கஞ்சா என்ற பேச்சை எடுத்ததுமே உன் அம்மா முகம் போன போக்கைப் பார்க்கணும். அந்தச் செடியில் போதை ஏற்றுவது டிஹெச்சி, இது வேறு, கன்னாபிடியால், சுருக்கமாக சிபிடி என்று விளக்கி அவளைச் சமாதானப்படுத்தினேன். இது ஏமாற்று மருந்தும் இல்லை. குழந்தைகளுக்கு வரும் இரண்டு அபூர்வ வலிப்பு நோய்களுக்கு, எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் சுத்திகரித்த சிபிடியை அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ அமைப்பு 2018-ல் அனுமதித்தது. பார்க்கின்சன் நோய்க்கு அப்படி எந்த அனுமதியும் கிடையாது.

ஆராய்ச்சியே நடக்கவில்லை என்று நினைக்காதே. பிரேசிலில் ஒரு குழு பல வருஷமாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. 2014-ல் 21 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வெற்று மருந்தும் (பார்க்க மருந்து போலவே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது) மற்ற இரண்டுக்கு 75, 300 மில்லிகிராம் சிபிடியும் கொடுத்தார்கள். நடுக்கம், விறைப்பு, நடை எதிலும் வித்தியாசம் தெரியவில்லை. 300 எடுத்தவர்கள் மட்டும் தங்கள் அன்றாட வாழ்க்கை கொஞ்சம் தேவலை என்றார்கள். ஒரு பிரிவுக்கு ஏழே பேர். அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது?

எனக்கு ஆசை காட்டியது தூக்கம் பற்றிய ஆய்வுதான். ராத்திரி கனவில் நான் உதைப்பதும் கத்துவதும் உனக்குத் தெரியும். அம்மா கட்டிலை மாற்றிக்கொண்டுவிட்டாள். நாலு நோயாளிகளுக்கு சிபிடி கொடுத்ததில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது என்று 2014-ல் எழுதியிருந்தார்கள். படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அதே ஆட்கள் 2021-ல் 33 பேரை வைத்து, வெற்று மருந்தோடு ஒப்பிட்டு முறையாகச் செய்தபோது அந்தப் பலன் காணாமல் போய்விட்டது.

2020-ல் வந்த ஒன்றை மட்டும் என்னால் ஒதுக்க முடியவில்லை. 24 பேரைக் கூட்டத்துக்கு முன் பேசுவது போல் பேச வைத்திருக்கிறார்கள். முன்கூட்டி 300 மில்லிகிராம் சிபிடி எடுத்த அன்று அவர்களுக்குப் பதற்றமும் குறைவு, கை நடுக்கமும் குறைவு. இது எனக்கு நன்றாகப் புரிகிறது. வீட்டில் தனியாக இருக்கும்போது என் கை பாதிதான் ஆடுகிறது. வங்கியில் கையெழுத்துப் போடும்போது பின்னால் வரிசை நிற்கிறது என்று தெரிந்தால் போதும், பேனா காகிதத்தில் நிற்காது. சிபிடிக்கு என் விஷயத்தில் ஏதாவது வேலை இருந்தால் அது அந்தப் பதற்றத்தில்தான் என்பது என் கணிப்பு. இந்த நோயில் மூளையில், உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைனைச் சுரக்கும் செல்கள் செத்துக்கொண்டிருப்பதை இது நிறுத்துவதாக மனிதர்களிடம் யாரும் காட்டியதில்லை.

2024-ல் அமெரிக்காவில் 61 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. இரண்டு வாரம் சிபிடி, கூடவே கொஞ்சம் டிஹெச்சி. மருந்து எடுத்தவர்களுக்கு உடல் இயக்கம் சற்றுத் தேறியது. வெற்று மருந்து எடுத்தவர்களும் தேறினார்கள், இரண்டு பிரிவுக்கும் நடுவில் நம்பும்படியான வித்தியாசம் இல்லை! இதைக் கேட்டு நீ சிரிப்பாய், ஆனால் இந்த நோயில் அது வெறும் மனப்பிரமை இல்லை. 2001-ல் கனடாவில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மருந்து என்று நம்பவைத்து வெறும் உப்பு நீர் ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தபோது, அவர்கள் மூளையில் நிஜமாகவே டோபமைன் சுரந்திருந்தது. அதாவது மகளே, நீ அனுப்பும் எண்ணெய் எனக்குக் கட்டாயம் கொஞ்ச நாள் கேட்கும். நீ அனுப்பினாய் என்பதற்காகவே கேட்கும். பிறகு அதை நிறுத்தவும் மனசு வராது, அது உதவுகிறதா இல்லையா என்றும் தெரியாது.

நீ அனுப்ப நினைக்கும் பாட்டிலின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 30 மில்லி, மொத்தம் 1000 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. ஆய்வில் கொடுத்த 300 மில்லிகிராம் வேண்டுமானால் ஒரு நாளைக்கு 9 மில்லி குடிக்கணும். மூன்று நாளில் பாட்டில் காலி. காணொளியில் அவர் விட்டது சில சொட்டுதான், ஒரு சொட்டில் இரண்டு மில்லிகிராம்கூடத் தேறாது. அதுவும் லேபிளை நம்பினால்தான். இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றில்தான் சொன்ன அளவு இருந்தது. 18-ல் டிஹெச்சி கலந்திருந்தது. இந்த வயதில் எனக்குத் தலை சுற்றலும் இல்லாத ஆள் கண்ணில் தெரிவதும்தான் பாக்கி.

இன்னொன்று, ராத்திரி நான் போடும் குளோனாசெபம் என்ற தூக்கம் வரவைக்கும் மாத்திரை. அதை உடைக்கும் கல்லீரல் நொதியை சிபிடி மட்டுப்படுத்தக்கூடும். மாத்திரை உடம்பில் தேங்கினால் காலையில் எழும்போது தள்ளாடும். எழுந்து நின்றால் ஏற்கெனவே எனக்கு ரத்த அழுத்தம் இறங்குகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். சிபிடியும் அழுத்தத்தை இறக்கக்கூடியது. அதிக அளவு கொடுத்துப் பார்த்த ஒரு சிறு ஆய்வில் 13 பேரில் ஐந்து பேருக்கு ரத்தத்தில் கல்லீரல் நொதி ஏறியது, அது கல்லீரல் பாதிக்கப்படலாம் என்பதன் அடையாளம். இடுப்பு எலும்பு முறிந்து படுத்தால் அம்மா என்ன செய்வாள்?

வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் சரி என்றால், மருந்துத் தரத்தில் கிடைப்பதை, முதலில் கல்லீரல் பரிசோதனை செய்துவிட்டு, பதற்றத்துக்காக என்று மனசில் வைத்துக்கொண்டு எடுத்துப் பார்க்கிறேன். லெவோடோபாவில் ஒரு வேளைகூடக் குறைக்க மாட்டேன், அதை நீயும் கேட்காதே. தபாலில் மட்டும் போடாதே. இதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, சுங்கத்தில் பிடித்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீயும் நானும்தான்.

அடுத்து டாக்டரைப் பார்க்கப் போகும் தேதியை அம்மா உனக்குச் சொல்வாள். அன்றைக்கு போனில் இரு, இதை நீயே அவரிடம் கேள். என் குரல் இப்போதெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் எட்டுவதில்லை, அவர் பாதியிலேயே தலையாட்டிவிடுகிறார். என் மாத்திரைப் பட்டியலை நேரத்தோடு எழுதித் தர அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அது உன் கையிலும் இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா