இருமலை மறைக்க வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா போன்ற பெருந்தொற்றுக் காலத்தில் இளையோர் இசை, நடன, நாடகக் குழுக்களை வெளியூர் அழைத்துப் போகலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் மேடையைப் பற்றியே பேசுகிறோம். மேடையில் எத்தனை அடி இடைவெளி, அரங்கில் எத்தனை பேர் என்று கணக்குப் போடுகிறோம். ஆனால் இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்காகப் புறப்படும் குழு, மீதி 22 மணி நேரத்தையும் பேருந்திலும் சாப்பாட்டு மேசையிலும் ஒப்பனை அறையிலும் படுக்கையறையிலும் ஒன்றாகவே கழிக்கிறது. நோய் கைமாறுவது பெரும்பாலும் அங்கேதான். அதோடு, தொண்டை கரகரக்கிற பிள்ளை அதை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டால் மற்ற ஏற்பாடுகள் பாதி வீணாகிவிடும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

பிள்ளை ஏன் மறைக்கிறது? சொன்னால் வேடம் போய்விடும். ஆறு மாத ஒத்திகை வீணாகிவிடும். தன்னால் குழுவே நின்றுபோனது என்ற பேச்சு வரும். காலை 6 மணிக்கு ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டால் 7 மணிக்கு நெற்றியில் காட்டும் கருவியில் காய்ச்சல் தெரியாது. தொற்றிய பலருக்குக் காய்ச்சலே வருவதும் இல்லை. ஆகவே வெப்பநிலைச் சோதனையை மட்டும் நம்பிக் குழுவை மேடையேற்றுவது வெறும் சடங்கு. அதற்குப் பதில், தினமும் காலையில் தனியாக, மற்ற பிள்ளைகள் காதில் விழாத இடத்தில், ஐந்தே கேள்விகள் போதும்: தொண்டை வலியா, இருமலா, தலைவலி அல்லது உடல்வலியா, வயிற்றுப்போக்கோ வாந்தியோ உண்டா, நேற்றிரவிலிருந்து ஏதாவது மாத்திரை போட்டாயா? கடைசிக் கேள்வியை யாரும் விட்டுவிட வேண்டாம்.

பிள்ளை உண்மை சொல்ல வேண்டுமானால் சொல்வதால் அதற்கு இழப்பு இருக்கக் கூடாது. இதற்கு அறிவுரை உதவாது, விதிகள் உதவும். ஒவ்வொரு முக்கிய வேடத்துக்கும் தனிப்பாடலுக்கும் மாற்று ஆள் ஒருவர் ஒத்திகை முடித்துத் தயாராக இருக்க வேண்டும். ‘ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவர்’ என்ற பரிசு இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். நோயால் வீடு திரும்பும் பிள்ளையின் பயணக் கட்டணத்தில் மீதியைத் திருப்பித் தருவோம் என்பதைப் புறப்படும் முன்பே பெற்றோருக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு பிள்ளையை மேடையேற்றலாமா என்று முடிவு செய்பவர் இசை இயக்குநராகவோ நடன ஆசிரியராகவோ இருக்கவே கூடாது. அவருக்கு நிகழ்ச்சி நடந்தாக வேண்டும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தத் தராசு சாயும். உடல்நலப் பொறுப்பாளர் என்று ஒருவரை வைத்து, அவர் ‘வேண்டாம்’ என்றால் அதுவே முடிவு என்று முதல்நாளே எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும்.

புறப்படும் முன் ஒரு பரிசோதனை எடுத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று பல குழுக்கள் நினைக்கின்றன. 2020 ஜூனில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த ஒரு சிறுவர் முகாமில் எல்லாரும் வருகைக்கு முந்தைய 12 நாட்களுக்குள் எடுத்த ‘தொற்று இல்லை’ சான்றைக் கொண்டுவந்திருந்தார்கள். முகாமில் இருந்த அந்த மாநிலத்தவர் 597 பேர். பரிசோதனை முடிவு கிடைத்த 344 பேரில் 260 பேருக்குத் தொற்று. பணியாளர்களுக்கு முகக்கவசம் இருந்தது, பிள்ளைகளுக்கு இல்லை. காற்றோட்டத்துக்காகக் கதவு ஜன்னல்களைத் திறந்து வைக்கவில்லை. ஒரே குடிலில் பலர் படுத்தார்கள். தினமும் உரக்கப் பாட்டும் ஆரவாரமும் இருந்தன. பன்னிரண்டு நாள் பழைய சான்று அன்றைய நிலையைச் சொல்லுமே தவிர இன்றைய நிலையைச் சொல்லாது. புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பு ஒரு ஆன்டிஜென் சோதனை (அட்டையில் கோடு காட்டும் விரைவுச் சோதனை), ஏறும் காலையில் இன்னொன்று, பிறகு பயணத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால்தான் பயன். ஆன்டிஜென் அட்டையில் ஒரு கோடு மட்டும் வந்தது, அதாவது தொற்று இல்லை என்று காட்டியது என்பதற்காக, அறிகுறி உள்ள பிள்ளையை விட்டுவிடக் கூடாது. தொற்றின் முதல் ஓரிரு நாளில் அட்டை தவறவிடும். அந்தப் பிள்ளையைத் தனியே வைத்து 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அட்டையை உறையில் எழுதியுள்ள நிமிடத்தில் படியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துப் பார்த்து, மங்கலாகத் தெரியும் கோட்டைக் கண்டு கலங்குவதும் நடக்கிறது. அந்தக் கோட்டுக்குப் பொருள் இல்லை. வெயிலில் நிற்கும் பேருந்துக்குள் சோதனைப் பெட்டியை விட்டுச்செல்வதும் அதைக் கெடுக்கும். பெரும்பாலானவற்றுக்கு 30 டிகிரி செல்சியஸே உச்ச வரம்பு.

அடுத்தது பேருந்து. 2020 ஜனவரியில் சீனாவின் நிங்போ நகரில் ஒரு வழிபாட்டு நிகழ்ச்சிக்கு இரண்டு பேருந்துகள் போயின. போகவர மொத்தம் 100 நிமிடப் பயணம். நோயாளி ஒருவர் இருந்த வண்டியில் அவரையும் சேர்த்து 68 பேரில் 24 பேருக்குத் தொற்று உறுதியானது. மற்ற வண்டியில் வந்த 60 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. நோயாளி இருந்த வண்டியின் குளிர்சாதனம் உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும் நிலையில் ஓடியது. நோயாளிக்குப் பல வரிசை தள்ளி இருந்தவர்களுக்கும் தொற்றியது. ஆகவே ‘பக்கத்து இருக்கையைக் காலியாக விடுவோம்’ என்பது போதாது. வண்டியைப் பேசும்போதே ஓட்டுநரிடம் கேளுங்கள்: வெளிக்காற்று எடுக்கும் வசதி இருக்கிறதா, அந்த விசை எங்கே, கூரைக் கதவு திறக்குமா? வெளிக்காற்று நிலையில் வைத்தால் குளிர்ச்சி குறையும். யாராவது ‘புழுங்குகிறது’ என்றதும் ஓட்டுநர் பழையபடி உட்சுற்றுக்கு மாற்றிவிடுவார். அதனால் விசைமேல் ஒரு ஒட்டுத்தாள் ஒட்டி, முன்னிருக்கையில் ஒரு பெரியவரை அமர்த்துவது நல்லது. ஜன்னல் திறக்கும் வண்டியானால் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் திறந்தால் காற்று குறுக்கே ஓடும். நடுவில் ஒன்றை மட்டும் திறந்தால் அவ்வளவு பலன் இல்லை. வண்டிக்குள் பாட்டு வேண்டாம். சாப்பாடு வண்டியை நிறுத்தி வெளியே. இருக்கை வரைபடம் முதல்நாள் போட்டதே கடைசிவரை. அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், யாராவது படுத்தால் யாரையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று தேடி அலைய வேண்டியதில்லை.

ஒத்திகை அறைக்கு வருவோம். 2020 மார்ச் 10-ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் பள்ளத்தாக்குச் சேர்ந்திசைக் குழுவின் இரண்டரை மணி நேர ஒத்திகைக்கு 61 பேர் வந்தார்கள். அறிகுறியோடு வந்தவர் ஒருவர். உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாகச் சேர்த்து 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். பாடும்போது, அதிலும் உரக்கப் பாடும்போது, மூச்சோடு வெளியேறும் நுண்துளிகள் சாதாரணப் பேச்சைவிடப் பல மடங்கு. அவை காற்றில் தங்கும். ஆறடித் தள்ளி நிற்பது பெரிய துளிகளைத் தடுக்கும்; மூடிய அறையில் தேங்கும் நுண்துளிகளைத் தடுக்காது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு எல்லாப் பொறுப்பாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 240 கன மீட்டர். மணிக்கு 6 முறை காற்று சுத்தமாக வேண்டுமானால் 1,440 கன மீட்டர் சுத்தக் காற்று தேவை. மணிக்கு 360 கன மீட்டர் தரும் ஹெப்பா கருவி (நுண்துகள்களை வடிகட்டும் காற்றுச் சுத்திகரிப்பான்) என்றால் நான்கு. கருவி வாங்கும்போது ‘இத்தனை சதுர அடிக்குப் போதும்’ என்ற விளம்பர எண்ணைப் பார்க்காமல் சுத்தக் காற்றளவை (CADR) பாருங்கள். அதுவும் நீங்கள் உண்மையில் ஓட்டப்போகும் வேகத்துக்கு. உச்ச வேகத்தில் இரைச்சல் அதிகம் என்று ஒத்திகையில் பாதிக்குக் குறைத்துவிட்டால் கணக்கும் பாதியாகிவிடும். ஆறு முறை மாறும் அறையில் ஒரு குழு வெளியேறி அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சதவீத நுண்துளிகள் நீங்கும். மணிக்கு ஒரு முறை மட்டும் மாறும் மூடிய அறையில் அதற்கே 3 மணி நேரம் ஆகும். அரை மணி நேரம் ஒத்திகை, பிறகு அறையைக் காலி செய்து காற்று மாற விடுவது என்ற முறை இதை வைத்துத்தான் வந்தது. நாம் வெளிவிடும் மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டும் கையடக்க கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று குழுவோடு போகட்டும். வெளியே 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கும். உள்ளே 800-ஐத் தாண்டினால் ஜன்னலைத் திறக்க வேண்டும் அல்லது இடைவேளை விட வேண்டும். வடிகட்டிக் கருவி ஓடினால் மீட்டரின் எண் குறையாது, ஏனெனில் வடிகட்டி அந்த வாயுவைப் பிடிப்பதில்லை. அதைப் பார்த்து, கருவி வேலை செய்யவில்லை என்று அணைத்துவிடாதீர்கள்.

ஊதுகருவிகளில் வாய்ப்பகுதியை இருவர் பகிரவே கூடாது. கருவிக்குள் சேரும் ஈரத்தைத் தரையில் உதறாமல், ஒவ்வொருவரும் தன் காலடியில் வைத்த உறிஞ்சு துணியில் வடித்து, முடிந்ததும் தானே பையில் போட்டுக் கட்ட வேண்டும். மற்றவர் தொடக் கூடாது. டிரம்பெட் போன்றவற்றின், ஒலி வெளிவரும் அகன்ற முனைக்கு நெருக்கமான பல அடுக்குத் துணி உறை போடுவது நுண்துளிகளைக் கணிசமாகக் குறைக்கும். புல்லாங்குழலில் காற்றின் பெரும்பகுதி ஊதும் துளையருகே வெளியேறுவதால் நுனி உறையால் மட்டும் பயனில்லை. அவர்களைக் காற்று வெளியேறும் ஜன்னல் பக்கம் அமர்த்துங்கள். தாளக் கருவிக்காரர்கள் முகக்கவசத்தோடே வாசிக்கலாம். ஒப்பனைத் தூரிகை, உதட்டுச்சாயம், தலையில் மாட்டும் மைக் எல்லாம் பெயர் எழுதி ஆளுக்கொன்று.

குழுவைச் சிறு அணிகளாகப் பிரிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே அறையில் படுப்பவர்கள் ஒரு கூட்டம், பேருந்தில் சேர்ந்து உட்காருபவர்கள் வேறு கூட்டம், சாப்பிடுபவர்கள் இன்னொரு கூட்டம் என்றால் பிரித்ததற்கே பொருள் இல்லை. மூன்று வழியாகவும் நோய் ஓடும். படுக்கை, இருக்கை, சாப்பாடு மூன்றும் அதே ஆறு அல்லது எட்டுப் பேருக்குள் இருக்க வேண்டும். டிரம்பெட் வாசிப்பவர்கள் எல்லாரும் ஓர் அணியா, அல்லது எல்லாக் கருவியிலும் ஒவ்வொருவராகக் கலந்த அணியா? முதல் வழியில் ஒருவர் படுத்தால் டிரம்பெட்டே இல்லாமல் போகலாம். இரண்டாம் வழியில் அது நேராது. ஆனால் பகலெல்லாம் ஒன்றாக ஊதிப் பயிலும் பிள்ளைகள் இரவில் ஆளுக்கொரு அறைக்குப் போய் எல்லா அணிக்கும் பரப்புவார்கள். முதல் வழியே மேல் என்பது எங்கள் கருத்து. அதற்கு விலையாக, எந்த ஒரு பிரிவு இல்லாமலும் நடத்தக்கூடிய சுருக்க வடிவம் ஒன்றை இசையமைப்பாளர் முன்பே எழுதிக் கொடுத்து, அதை இரண்டு முறையாவது ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

தங்கும் இடத்தில் 25 பேருக்கு ஓர் அறையாவது காலியாக வைக்க வேண்டும். தனிக் கழிப்பறையும் திறக்கும் ஜன்னலும் வேண்டும். அறைகள் நிரம்பிவிட்டன என்று முதலில் விட்டுக்கொடுப்பது அந்த அறையைத்தான். கூட இருக்கப்போகும் பெரியவர் யார் என்பதும் அன்றே முடிவாகட்டும்; அவர் என்95 முகக்கவசத்தோடு அங்கேயே இருப்பார், குழு அடுத்த ஊருக்குப் போகும். ஆகவே ஐந்து பெரியவர்களுக்குக் குறைந்து புறப்பட்டால் இரண்டாவது நோயாளி வரும்போதே ஆள் தட்டுப்பாடு வந்துவிடும். மருந்துப் பெட்டியில் பாராசிட்டமால் எடைக் கணக்கில் கொடுக்கப்பட வேண்டும்: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் கூடாது. வைரஸ் காய்ச்சலில் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய் நோய்க்குறி என்ற ஆபத்து உண்டு. ஆக்சிஜன் அளக்கும் விரல் கருவி வைக்கும்போது நகப்பூச்சையும் மேடை ஒப்பனையையும் துடைத்து, குளிர்ந்த விரலைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலையான பிறகு படியுங்கள். கருத்த தோலில் அது சற்று அதிகமாகவே காட்டும் என்பதால் 94 காட்டினாலே மருத்துவரை அழையுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, உதடு நீலம் என்றால் அளந்துகொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு.

நோய் தீர்ந்து திரும்பும் பிள்ளைக்கு அவசரம் கூடாது. கொரோனாவானால் அறிகுறி தொடங்கிய நாளைப் பூஜ்யமாக வைத்து எண்ணுங்கள். மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்து, ஐந்து நாளும் கடந்திருந்தால் முகக்கவசத்தோடு குழுவில் சேரலாம். பாடவும் ஊதவும் முகக்கவசத்தைக் கழற்ற வேண்டியிருப்பதால், அதற்குப் பத்து நாள் ஆக வேண்டும், அல்லது 48 மணி நேர இடைவெளியில் இரண்டு ஆன்டிஜென் சோதனையில் தொற்று இல்லை என்று வர வேண்டும். அணிவகுப்பும் ஆட்டமும் கடும் உழைப்பு. முதல்நாள் நடை, மறுநாள் பாதி வேகத்தில் அசைவுகள், பிறகு ஒரு பாட்டு, அதன்பிறகே முழு நிகழ்ச்சி. இடையில் நெஞ்சு வலியோ படபடப்போ மயக்கமோ வந்தால் அன்றே நிறுத்தி, இதயப் பரிசோதனை முடியும்வரை மேடை இல்லை. அதுவரை அந்தப் பிள்ளையின் பெயர் நிகழ்ச்சித் தாளில் அப்படியே இருக்கட்டும். மாற்று ஆளின் பெயரை அதன் கீழே சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இளையோர் கலைக்குழுக்களின் பயண, உடல்நலப் பொறுப்பாளர்கள்