வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: பிரிவுபசார விழாவுக்குப் பிந்திய கதைகள்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் அனைவருக்கும் என் வணக்கம். ஜப்பானிய அசைவூட்டப் படங்களான அனிமேக்களையும், ஜப்பானியச் சித்திரக்கதைகளான மங்காக்களையும் பேசும் நமது வாசகர் வட்டத்தின் சென்ற ஆண்டு நடவடிக்கைகளைப் பற்றிய அறிக்கையை அவை முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிக்க இருப்பதால், நாம் பார்த்ததையும் படித்ததையும் விவாதித்ததையும் பற்றி மட்டுமே இங்கு பேசுகிறேன்.

பள்ளி வாழ்க்கையை அன்றாட நிகழ்வுகளாகச் சொல்லும் அனிமேக்களையும், அவை முடிந்த பிறகு மங்கா வடிவில் வந்த தொடர்ச்சிகளையும் ஆண்டு முழுவதற்குமான பொருளாக எடுத்துக்கொள்வது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது நினைவிருக்கும். அந்த முடிவு ஒருமனதாக எடுக்கப்படவில்லை. வாளேந்தி அரக்கர்களோடு மோதும் டீமன் ஸ்லேயர் அனிமே திரைப்படம் தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கு வந்துவிட்ட காலத்தில், நான்கைந்து பெண்கள் உட்கார்ந்து தேநீர் குடிப்பதை யார் வந்து பார்ப்பார்கள் என்று இளைய உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். வாளும் அரக்கனும் இல்லாத கதை எதனால் நிற்கிறது என்ற கேள்வியைத்தான் ஆண்டு முழுவதும் பல விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதால், அவர்கள் எழுப்பிய தடையும் வீண் போகவில்லை.

முதன்மைப் படைப்பாகக் கே-ஆன்! தேர்வு செய்யப்பட்டது. ககிஃபுராய் என்ற புனைபெயரில் வரையும் கலைஞரின் இந்த நான்கு கட்டச் சித்திரக்கதை, ஹோபுன்ஷா பதிப்பகத்தின் மங்கா டைம் கிராரா இதழில் 2007 ஏப்ரலில் தொடங்கி 2010 செப்டம்பரில் நிறைவுற்று, நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. யுயி, மியோ, ரிட்சு, முகி ஆகிய நால்வரும், ஓராண்டு இளையவளான அசுசாவும் ஒரு மகளிர் மேல்நிலைப் பள்ளியின் மெல்லிசைக் குழுவில் சேர்ந்து, பயிற்சியை விடத் தேநீருக்கும் கேக்குக்கும் அதிக நேரம் கொடுப்பதுதான் கதை. கியோட்டோ அனிமேஷன் நிறுவனத்தில் நவோகோ யமதாவின் இயக்கத்தில் இது 2009இலும் 2010இலும் தொலைக்காட்சித் தொடராக வந்தது. ரெய்கோ யோஷிதாவின் திரைக்கதையோடு 2011 டிசம்பர் 3 அன்று திரைப்படமும் வெளியானது.

இந்தத் தொடரில் காலம் பங்கிடப்பட்டிருக்கும் விதத்தை நமது முதல் காலாண்டுக் கூட்டங்கள் கூர்ந்து கவனித்தன. கூடுதலாக வந்த எபிசோடுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், முதல் சீசனின் 12 எபிசோடுகளில் பள்ளியின் இரண்டு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. இரண்டாம் சீசனோ 24 எபிசோடுகளையும் மூன்றாம் ஆண்டு ஒன்றுக்கே செலவிடுகிறது. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் ஜப்பானியப் பள்ளியாண்டின் கடைசி மாதங்கள் நெருங்க நெருங்கக் கதையின் நடை தளர்ந்து, ஒரு மழைநாளுக்கும் ஒரு வெயில்நாளுக்கும் கூட முழு எபிசோட் கிடைக்கிறது. மங்காவில் சில பக்கங்களில் கடந்துபோன பிரிவு, அனிமேயில் ஒரு பருவம் முழுவதும் நீளும் விடைபெறலாக மாறிவிட்டது.

அதன் உச்சமான 24ஆம் எபிசோடை உறுப்பினர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி மீண்டும் ஒருமுறை திரையிட்டோம். பட்டமளிப்பு முடிந்து, பள்ளியில் தனியாக மிஞ்சப்போகும் அசுசாவுக்காக நால்வரும் ரகசியமாக எழுதிய பாடலை அதே இசை அறையில் வாசிக்கிறார்கள். அழுது முடித்த கண்களோடு கேட்டுக்கொண்டிருந்த அசுசா, கைதட்டிவிட்டு, வாசிப்பு அப்படியொன்றும் பிரமாதமில்லை என்கிறாள். அடுத்த மூச்சில் இன்னும் கேட்க வேண்டும் என்கிறாள். மூன்றாண்டுக் காலம் பயிற்சி செய்யாமல் தேநீர் குடித்ததற்கான விமர்சனமும் மன்னிப்பும் அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. இதற்கு மேல் அந்தக் கதையில் சொல்ல என்ன இருக்கிறது என்று அன்றைய கூட்டத்தில் ஒருவர் கேட்டார். தொடர்ச்சிகளைப் பற்றிய நமது விவாதம் முறைப்படி தொடங்குவதற்கு முன்பே அந்தக் கேள்வியில் தொடங்கிவிட்டது.

மூல மங்கா முடிந்து சில மாதங்களே ஆன நிலையில், 2011 ஏப்ரலில் ககிஃபுராய் தொடர்ச்சியைத் தொடங்கினார். அது ஒரே கதையாக வரவில்லை என்பது இங்கே முக்கியம். மகளிர் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற நால்வரின் கதை பழைய இதழான மங்கா டைம் கிராராவிலும், பள்ளியில் தங்கிய அசுசாவின் கதை சகோதர இதழான மங்கா டைம் கிராரா கேரட்டிலும் இணையாக ஓடின. இரண்டும் 2012 கோடையில் நின்று, ஆளுக்கொரு தொகுதியாக அதே ஆண்டு வெளியாயின. ஐவராக அறிமுகமான கூட்டத்தைப் பிரித்து, இரண்டு இதழ்களை வாங்கினால்தான் முழுமையாகப் படிக்க முடியும் என்ற நிலையை வாசகருக்கு ஏற்படுத்தியது பதிப்பகத்துக்கு லாபமாக இருந்திருக்கலாம். கதைக்கு அது நல்லதாக அமையவில்லை என்பது என் கருத்து. ஆனாலும் இந்தப் பிரிவினை, யாரும் திட்டமிடாத ஒரு சோதனையை நம் கையில் கொடுத்திருக்கிறது. கல்லூரிப் பகுதியில் ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள், அறை மாறிவிட்டது. பள்ளிப் பகுதியில் அறை அப்படியே இருக்கிறது, ஆட்கள் மாறிவிட்டார்கள். பள்ளிக் கதையில் நாம் விரும்பியது எதை என்று அறிய இதைவிடத் தெளிவான வழி கிடைக்காது.

கல்லூரிப் பகுதியில் நால்வரும் விடுதியில் தங்குகிறார்கள். முகி தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகத்துக்கே மற்றவர்களும் விண்ணப்பித்ததும், அதற்காக மியோ தனக்கு வாய்த்த பரிந்துரை இடத்தை விட்டுக்கொடுத்ததும் மூலக் கதையிலேயே நடந்துவிட்டவை. பிரியக்கூடாது என்ற ஆசை பிரிவை ஒத்திப்போட்டதே தவிர, அதன் இடத்தில் வேறொரு பதற்றத்தைக் கொண்டுவரவில்லை. அங்கே அகிரா, ஆயாமே, சச்சி ஆகிய மூவரைக் கொண்ட இன்னோர் இசைக்குழு எதிர்ப்படுகிறது. கிட்டார், டிரம்ஸ், பேஸ் என்று அவர்கள் முறையே யுயி, ரிட்சு, மியோவுக்கு எதிரே வைத்த கண்ணாடி போலவே அமைந்திருக்கிறார்கள். நான்கு கட்டச் சித்திரக்கதையில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பட்டைகள்தாம் இடம். மாதத்துக்குக் கிடைப்பதோ சில பக்கங்கள். அந்த இடத்துக்குள் ஏழு பேரையும் பேசவிட்டு நான்காம் கட்டத்தில் சிரிப்பையும் வரவழைக்க வேண்டுமானால், அறிமுகங்களே பக்கங்களைத் தின்றுவிடும். தின்றும்விட்டன.

இந்த மதிப்பீட்டை மறுத்துப் பேசிய கல்லூரி மாணவ உறுப்பினரின் வாதத்தையும் பதிவு செய்வது நியாயம். பள்ளியில் தங்களுக்கு இணையாக யாருமே இல்லாததால் அந்த நால்வரும் தங்கள் இசையை எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்க நேரவில்லை என்றும், வைராக்கியத்தோடு கிட்டார் பயிலும் அகிராவின் எரிச்சல்தான் யுயியின் அலட்சியத்துக்கு முதன்முறையாக ஒரு விலையைச் சொல்கிறது என்றும் அவர் வாதிட்டார். இது சரியான கவனிப்பு. அந்த விலையை வசூலிக்கும் அளவுக்குக் கதை நீளவில்லை என்பதே என் குறை.

பள்ளிப் பகுதியைப் பற்றி நமது வட்டத்தில் பொதுவாக நல்ல அபிப்பிராயம் நிலவியது. அசுசாவும், யுயியின் தங்கை உயியும், தோழி ஜுனும் வெறிச்சோடிய இசை அறையில் குழுவை மறுபடி எழுப்ப வேண்டியிருக்கிறது. புதிதாகச் சேரும் சுமிரே, முகியின் குடும்பத்தில் பணிபுரிவோரின் வீட்டுப் பெண். அவள் அந்த அறைக்கு முதலில் வருவதே முகி விட்டுச்சென்ற தேநீர்க் கோப்பைகளை எடுத்துப்போகத்தான். எடுக்க வந்தவள் அங்கேயே தங்கி, டிரம்ஸ் வாசிக்கத் தொடங்குகிறாள். எந்தக் கருவியும் கைக்கு வராத நவோ, கணினியில் இசையமைப்பவளாக மாறுகிறாள். போனவர்களின் பொருள்கள் அலமாரியில் இருக்க, அவற்றுக்கு நடுவே வேறு ஐவர் தங்களுக்கான பழக்கவழக்கங்களைத் தேடும் இந்தக் கதைக்கு, கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. அசுசாவுக்கு எஞ்சியிருப்பது ஓராண்டுதான் என்பது முதல் பக்கத்திலேயே நமக்குத் தெரியும். நமது மூத்த உறுப்பினரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியையுமான அம்மையார், பிரிவுபசார விழா முடிந்த மறுவாரம் பள்ளி வாசலில் வந்து நிற்கும் பழைய மாணவர்களோடு ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச எதுவும் இருக்காது, ஆனால் ஜூன் மாதம் அதே பெஞ்சில் வேறு பிள்ளைகள் உட்கார்ந்தவுடன் பேச எல்லாம் வந்துவிடும் என்று சொன்னது, கூட்டத்தில் பலருக்கும் தீர்ப்பாகவே பட்டது.

ஆனாலும் இரண்டு பகுதிகளுமே வாசகரிடையே மூலத்தின் இடத்தைப் பெறவில்லை. இதற்குக் கலைஞரின் திறமைக் குறைவு காரணம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. மங்காவின் தொடர்ச்சியைக் கையில் எடுத்தவர்களில் பெரும்பாலோர் அனிமேயைப் பார்த்து அழுதவர்கள். சிறிய விடைபெறலை வரைந்த கலைஞரின் அடுத்த அத்தியாயத்தை, பெரிய விடைபெறலைப் பார்த்த கண்களோடு அவர்கள் படித்தார்கள். இது போதாதென்று, இதழ்களில் நால்வரும் கல்லூரி விடுதியில் இருந்துகொண்டிருந்த அதே 2011 டிசம்பரில், திரைப்படம் அவர்களை மறுபடி பள்ளிச் சீருடைக்குள் கொண்டுவந்து, பட்டமளிப்புக்கு முன் லண்டன் பயணம் அனுப்பி, அசுசாவுக்கான அந்தப் பாடல் எப்படி உருவானது என்று காட்டியது. திரைப்படக் குழு பின்னோக்கிச் சென்று ஏற்கெனவே முடிந்த ஒரு வாரத்தை விரித்தது. மங்கா முன்னோக்கி நடந்தது. ரசிகர்கள் எந்தப் பக்கம் சென்றார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. தொடர்ச்சிகள் இதுவரை அனிமேயாக வரவில்லை.

பின்னோக்கிச் செல்வதன் பலத்தை இன்னும் முன்பே புரிந்துகொண்டவர் மங்கா கலைஞர் கியோஹிகோ அசுமா. 1999 முதல் 2002 வரை வந்த அவரது அசுமாங்கா தைஓ மங்கா மூன்று பள்ளியாண்டுகளைச் சொல்லிப் பட்டமளிப்போடு நின்றுவிட்டது. கல்லூரிக் கதை வரவில்லை, அவர் 2003இல் யோட்சுபா என்ற சிறுமியின் கதைக்குப் போய்விட்டார். பத்தாம் ஆண்டை ஒட்டி 2009இல் வந்த மூன்று கூடுதல் அத்தியாயங்களுக்கு, நம் ஊர்ப் பள்ளிகளில் சொல்வது போலச் சிறப்பு வகுப்பு என்ற பொருளில் பெயரிட்டு, அவற்றைப் பழைய பள்ளி நாட்களுக்குள்ளேயே வைத்தார். அப்போது வெளியான புதிய பதிப்பும் பள்ளியாண்டுக்கு ஒன்றாக மூன்று தொகுதிகளில் அமைந்தது. வாசகரின் ஆசையையும் நிறைவேற்றி, முடிவையும் கெடுக்காத இந்த ஏற்பாட்டை நமது வட்டம் ஏகமனதாகப் பாராட்டியது. ஆண்டு முழுவதும் ஏகமனதாக நடந்தது இது ஒன்றுதான்.

கென்ஷிகென் பற்றி ஒரே கூட்டம்தான் நடத்த முடிந்தது. அனிமே, மங்கா ரசிகர்களின் கிளப் ஒன்றைச் சுற்றி நடக்கும் ஷிமோகு கியோவின் இந்தப் பல்கலைக்கழக மங்கா 2006இல் முடிந்து, 2010இல் புதிய உறுப்பினர்களோடு மீண்டும் தொடங்கி 2016 வரை நடந்தது. இதிலும் அறைதான் தொடர்ந்தது. படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகும் மதிய உணவுக்குக் கிளப் அறைக்கே வந்துகொண்டிருந்த மதராமேயே இரண்டாம் பகுதியின் முக்கிய மனிதராகிறார் என்பது கூடுதல் சுவை. ககிஃபுராய் 2018இல் தொடங்கிய கே-ஆன்! ஷஃபிள் மங்கா வேறு பள்ளியையும் வேறு பெண்களையும் கொண்டது; பழைய அறையும் இல்லாமல் பழைய ஆட்களும் இல்லாமல் பெயரை மட்டும் சுமப்பது எதற்கு என்ற கேள்விக்கு உறுப்பினர் யாரும் விடை சொல்லவில்லை.

அறையைப் பற்றி இவ்வளவு பேசியதால், கே-ஆன்! அனிமேயின் பள்ளிக்கு மாதிரியாக அமைந்த, ஜப்பானின் ஷிகா மாநிலத்தின் தொயோசாதோ ஊரிலுள்ள பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடத்தையும் குறிப்பிட வேண்டும். வில்லியம் மெரல் வோரிஸ் வடிவமைத்து 1937இல் கட்டிய இக்கட்டடம், 2000களின் தொடக்கத்தில் இடிக்கப்பட இருந்து, ஊரார் எதிர்ப்பால் தப்பியது. படிக்கட்டின் கைப்பிடியில் ஆமையும் முயலும் ஏறிச்செல்லும் அந்த மாடிப்படியை அனிமேயில் பார்த்தவர்கள் இன்றும் நேரில் காணச் செல்கிறார்கள். அங்குள்ள அறையில் மேசைகளும் கோப்பைகளும் கதையில் இருப்பது போலவே அடுக்கப்பட்டிருக்கின்றன. கல்லூரி விடுதிக்கு இப்படியொரு முகவரி வாசகர் மனத்தில் உருவாகவே இல்லை.

நூலகப் பிரிவைப் பொறுத்தவரை, யென் பிரஸ் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பில் மூல மங்காவின் நான்கு தொகுதிகளும் தொடர்ச்சிகளின் இரண்டு தொகுதிகளும் வாங்கப்பட்டுள்ளன. இவற்றுள் ஒன்று தேநீர்க் கறையோடு திரும்பி வந்தது. நூலின் பொருளுக்கு அது பொருத்தமானதே என்று உறுப்பினர் கூறிய சமாதானத்தைச் செயற்குழு ஏற்காமல், தண்டத்தொகையை வசூலித்துவிட்டது.

வரும் ஆண்டில் உமே அவோகியின் ஹிதமாரி ஸ்கெட்ச் மங்காவையும் அதன் அனிமேயையும் எடுத்துக்கொள்ளலாம் எனச் செயற்குழு பரிந்துரைக்கிறது. மூத்த மாணவியர் இருவர் படிப்பை முடித்து வெளியேறிய பின்னும் அதே தங்கும் வீட்டில் கதை தொடர்வதால், தொடர்ச்சி என்ற தனிப் பெயர் இல்லாமலே அந்தச் சிக்கலைக் கடக்க முடியுமா என்பதை அதில் பார்க்கலாம். இளைய உறுப்பினர்கள் கோரியபடி ஆண்டுக்கு ஒருமுறையாவது வாள்சண்டைப் படம் திரையிட வேண்டும் என்ற தீர்மானமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இரண்டையும் தனித்தனியே வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

இவண்,
செயலாளர்