மேல்தோட்டத்துக்கு ஏறுமா இந்த வண்டி?

உட்லண்ட்ஸ்,
சிங்கப்பூர்.

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி எழுதுவது,

இங்கு நான் நலம். அங்கு அம்மா, அண்ணி, பிள்ளைகள் அனைவரின் நலமறிய ஆவல். மேல்தோட்டத்துக்கு உரமும் கீழே மிளகு மூட்டையும் கொண்டுசெல்ல ஏடிவி என்கிற, கரடுமுரடான பாதையிலும் ஓடும் நான்கு சக்கர வண்டி ஒன்று வாங்கலாமா என்று போன மாதம் தொலைபேசியில் கேட்டீர்கள். படத்தை மட்டும் பார்த்துவிட்டு உங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு பகல் முழுவதும் ஓட்டிப் பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூருக்குள் அதற்கு வழியில்லை. இந்தத் தீவின் மிக உயரமான புக்கித் தீமா குன்றே 164 மீட்டருக்குள் அடங்கிவிடும். அங்குள்ள காட்டுப் பாதைகள் நடப்பவர்களுக்கும், குறித்த சில தடங்கள் மிதிவண்டிக்கும் உரியவை. பட்டறையில் புல்வெட்டும் இயந்திரங்களையும் தண்ணீர் பம்புகளையும் நாளெல்லாம் பழுது பார்க்கிறேனே தவிர, இங்கு வந்த ஆறு ஆண்டுகளில் மண் பாதையில் ஒருமுறைகூட வண்டி ஓட்டியதில்லை. பட்டறை மூலம் பழக்கமான மலேசியத் தமிழர் ஒருவருக்கு ஜொகூரில் குலாய் பக்கம் பாமாயில் எடுக்கும் சிறிய செம்பனைத் தோட்டம் இருக்கிறது. அவரிடம் உள்ள வண்டி நாம் பேசிய அதே நடுத்தர ரகம் என்று தெரிந்ததும் நானே கேட்டுக்கொண்டேன். விடியுமுன் கிளம்பி, 1924ஆம் ஆண்டு முதல் இரு கரைகளையும் இணைத்து நிற்கும் கடற்பாலத்தைக் கடந்து, எட்டு மணிக்குத் தோட்டத்தில் இருந்தேன். முதல் நாள் இரவு அங்கே நல்ல மழை பெய்திருந்தது. சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல தரை அமையாது.

நடுத்தர ரகம் என்றால் பெரும்பாலும் 400 முதல் 500 சிசி வரை. யமஹா கோடியாக் 450, ஹோண்டா ரான்ச்சர் 420 எல்லாம் இந்த வகைதான். நான் ஓட்டியது ஒற்றைச் சிலிண்டர், பெல்ட் மூலம் தானாக வேகம் மாறும் வண்டி. பைக்கைப் போல ஆக்ஸிலேட்டரை முறுக்குவதில்லை, வலது கட்டைவிரலால் ஒரு சிறு நெம்புகோலை அழுத்த வேண்டும். முதல் அரைமணி நேரத்தில் விரல் வலித்தது, பிறகு பழகிவிட்டது. டயரைப் பார்த்துத்தான் அசந்துபோனேன். உங்கள் பைக்கில் முப்பது பிஎஸ்ஐ அளவில் காற்று அடிக்கிறோம், இதில் ஏறத்தாழ 5 பிஎஸ்ஐ போதும். கட்டைவிரலால் அழுத்தினால் பக்கவாட்டு ரப்பர் உள்ளே போகிறது. அவ்வளவு மெத்தென்று இருப்பதால்தான் செம்பனை வேர்கள் புடைத்துக் கிடந்த இடத்தில்கூட டயர் அவற்றைத் தழுவிக்கொண்டு ஏறியது.

சமதளச் செம்மண் பாதையைப் பற்றி எழுத அதிகமில்லை. எந்த வண்டியும் அங்கே ஓடும். குலை ஏற்றிய லோரிகள் உழுது வைத்திருந்த சேற்றுப் பள்ளத்தில் பின்சக்கரங்கள் மட்டும் சுழன்று வண்டி நின்றது. பொத்தானை அழுத்தி நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றியதும், நம் மயிலைக்காளை முன்காலை ஊன்றி இழுப்பதைப் போல, முன்சக்கரங்கள் பிடித்துச் சத்தமின்றி வெளியே வந்தது.

நான் உங்களுக்காக உன்னிப்பாகக் கவனித்தது மேட்டைத்தான். பின்தட்டில் மூன்று குலைகள், சுமார் அறுபது கிலோ, கட்டிக்கொண்டு ஒரு செங்குத்தான சரிவில் ஏறினேன். பாதி தூரத்தில் கைப்பிடி திடீரென்று எடையற்றதாகிவிட்டது. முன்சக்கரம் தரையைப் பெயருக்குத்தான் தொடுகிறது என்று புரிந்ததும் இருக்கையில் முன்னால் நகர்ந்து நெஞ்சைக் கைப்பிடியின் மேல் சாய்த்தேன். அதன்பின்தான் சொன்ன பக்கம் திரும்பியது. மறுமுறை ஒரு குலையை முன்தட்டுக்கு மாற்றிக் கட்டினேன், தொந்தரவே இல்லை. அண்ணா, தட்டு தாங்கும் என்று எழுதியிருக்கும் எடை வேறு, மேட்டில் வண்டி தாங்கும் எடை வேறு. ஏறும்போது முன்னால், இறங்கும்போது பின்னால், பக்கச் சரிவில் மேட்டுப் பக்கம் என்று ஓட்டுபவர் உடம்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1970இல் ஹோண்டா முதன்முதலில் விற்றது மூன்று சக்கர வண்டி. கவிழ்ந்து பலர் அடிபட்டதால் 1988இல் அமெரிக்காவில் அவ்வகையின் விற்பனையே நிறுத்தப்பட்டது. நான்கு சக்கரம் வந்ததால் ஆபத்து குறைந்தது, போய்விடவில்லை.

இறக்கத்தில் எனக்கு முழுத் திருப்தி. மெதுவாகச் செல்வதற்கான எல் கியரில் போட்டு விரலை எடுத்துவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது; ஈரச் சரிவில் பிரேக்கை லேசாகத் தொட்டதோடு சரி. எல்லா வண்டியிலும் இந்தப் பிடி ஒரே அளவில் இருக்காது என்பதால், வாங்குமுன் கடைக்காரர் முன்னிலையிலேயே ஓர் இறக்கத்தில் இறக்கிப் பாருங்கள்.

தார்ச்சாலை இதற்கு ஆகாது. பல வண்டிகளில் பின் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் சேர்ந்தே சுழல்வதால், கெட்டித் தரையில் திருப்பும்போது நேராகத் தள்ளிக்கொண்டு போகிறது. ஆகவே வீட்டிலிருந்து குரங்கணிச் சாலையில் ஓட்டிப்போகும் எண்ணம் வேண்டாம். தோட்டத்துக் கொட்டகையிலேயே நிற்கட்டும். சாலையில் ஓட்டப் பதிவு கிடைக்குமா என்பதையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இருக்கை நீளமாகத் தெரிந்தாலும் அது ஓட்டுபவர் நகர்வதற்கான இடம். பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. சின்னவன் ஆசைப்படுவான், பதினாறு வயது ஆகும்வரை சாவியை அவன் கையில் கொடுக்காதீர்கள். ஹெல்மெட் இல்லாமல் நீங்களும் ஏறாதீர்கள்.

என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன்: கீழ்க்கொட்டகையிலிருந்து ஓடைவரை இந்த வண்டி நமக்கு நிச்சயம் உதவும். ஓடைக்கு மேலே கல்படி தொடங்கும் இடத்திலிருந்து குதிரைதான் போக முடியும், ஆகவே குதிரையை விற்றுவிட வேண்டாம். வண்டியின் அகலம் நான்கடிக்குச் சற்றுக் குறைவு. பலாமரத்துக்கும் பாறைக்கும் நடுவே பாதை குறுகும் அல்லவா, அந்த இடத்தை அளவுநாடா வைத்து அளந்து உடனே எழுதுங்கள். ஐந்தடிக்குக் குறைந்தால் பாறைப் பக்கம் மண்ணை வெட்டாமல் முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி