பெட்டிக்குள் போகும் சுருக்குப்பை

ஈரோடு

அன்புள்ள மகனுக்கு,

நேற்று மாலை உன் பெயருக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். அதில் ஷூ வைப்பதற்கான சுருக்குப்பைகள் இரண்டும், மூன்றாவது பைக்கு அளவெடுத்து வெட்டிய துணியும் இருக்கும். மூன்றையும் நானே தைத்து முடித்திருக்கலாம். ஆனால் மாதத்தில் இரண்டு முறை பெட்டி கட்டிக்கொண்டு புறப்படுகிறவனுக்கு ஒரு பையின் இரண்டு ஓரங்களை மூட்டத் தெரியாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் அதை உன் கைக்கு விட்டுவைத்தேன்.

சென்ற ஐப்பசியில் கல்யாணத்துக்காக நீ வந்திறங்கிய இரவு உனக்கு நினைவிருக்கும். பிளாஸ்டிக் கவர் கிழிந்து, கறுப்பு ஷூவின் பாலிஷ் முழுவதும் உன் வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டியில் ஏறியிருந்தது. எலுமிச்சையும் சோப்பும் போட்டு விடியும்வரை தேய்த்தும் கறை போகவில்லை. நீ அப்பாவின் சட்டையைத் தோள் தொங்கத் தொங்கப் போட்டுக்கொண்டு முகூர்த்தத்துக்கு வந்தாய். சட்டை போனதைவிட, பெட்டியைத் திறந்தவுடன் வந்த அந்த வாடைதான் என்னை அதிகம் உறுத்தியது. நாள் முழுவதும் காலில் கிடந்த ஷூவின் உட்புறம் வியர்வையைக் குடித்திருக்கும். அதைக் கழற்றியவுடன் பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டால் அந்த ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. வாடையும் வரும், இரண்டு நாள் அப்படியே கிடந்தால் தோலில் வெள்ளையாகப் பூஞ்சையும் படியும். பருத்தித் துணி அழுக்கைத் தன்னோடு நிறுத்திக்கொண்டு ஈரத்தை மெல்ல வெளியே விடும். இவ்வளவுதான் வித்தியாசம் என்றாலும், பயணப் பெட்டிக்குள் இது பெரிய வித்தியாசம்.

எந்தத் துணியில் தைப்பது என்பதற்கே எனக்கு ஒரு வாரம் போயிற்று. முதலில் அப்பாவின் பழைய வேட்டியில் ஒன்று தைத்துப் பார்த்தேன். துவைத்துத் துவைத்து நைந்த துணி என்பதால் ஷூவின் குதிகால் குத்திய இடத்தில் தையல் ஓரமாகவே கிழிந்துவிட்டது. காடாத் துணி உழைக்கும், ஆனால் வெளுப்பு நிறத்தில் ஒரு பயணத்துக்குள் பார்க்கச் சகிக்காமல் ஆகிவிடும். பவானி ஜமக்காளத் துண்டு ஒன்று பரணில் கிடந்தது. அதன் கனத்துக்கு வாய் சுருங்கவே மாட்டேன் என்றது. கடைசியில், நீ கல்லூரி விடுதிக்குக் கொண்டுபோன சென்னிமலைப் பெட்ஷீட்டை எடுத்தேன். ஓரமெல்லாம் போயிருந்தாலும் நடுப்பகுதி கெட்டியாகவே இருந்தது. நெருக்கமான நெசவு, கருநீலக் கட்டம், பல வருடம் துவைத்ததால் இனிச் சுருங்கவும் வழியில்லை. பிறகு எப்போதாவது புதுத்துணி வாங்கித் தைப்பாயானால், வெட்டுவதற்கு முன்பே ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி போக அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடு. தைத்த பிறகு பை சுருங்கினால் ஷூ உள்ளே போகாது.

அளவைக் கண்மதிப்பில் எடுக்கவில்லை. நீ இங்கே விட்டுச் சென்ற ஒன்பதாம் நம்பர் ஷூவை எடுத்து, ஒன்றின் குதிகாலுக்குப் பக்கத்தில் மற்றதன் முனை வரும்படி தலைமாற்றி வைத்துப் பார்த்தேன். அப்படி வைத்தால் உயரமான பகுதிக்குப் பக்கத்தில் தாழ்வான பகுதி வந்து, ஜோடி ஒரே கட்டாக அடங்கிவிடுகிறது. அதைச் சுற்றி டேப்பை ஓட்டினால் 21 அங்குலம். கை நுழைய 3 அங்குலம் கூட்டி 24 என்று வைத்துக்கொண்டேன். ஆகவே பையின் அகலம் 12 அங்குலம். ஷூவின் அடிப்பாகம் 12 அங்குல நீளம் இருந்தது. ஷூவின் தடிமனுக்கும் வாய் சுருங்குவதற்கும் 4 அங்குலம் சேர்த்துப் பையின் உயரம் 16. அடியில் தையல் வராமல் துணியை இரண்டாக மடித்துத் தைப்பதால், தையலுக்கும் வாய் மடிப்புக்கும் சேர்த்து 13 அங்குல அகலமும் 35 அங்குல நீளமும் உள்ள ஒரே துண்டு போதும். 44 அங்குலப் பன்னாவில், அதாவது அந்த அகலமுள்ள துணியில், ஒரு மீட்டர் வாங்கினால் மூன்று பைக்குத் துணி கிடைக்கும். கடையில் விற்கும் பைகளுக்கு அடியில் மூலை மடித்துப் பெட்டி வடிவம் கொடுக்கிறார்கள், நான் செய்யவில்லை. காலியாக இருக்கும்போது தட்டையாக மடிந்து கிடக்கும் பைதான் பெட்டிக்கு நல்லது.

உன்னிடம் மிஷின் இல்லை, கைத்தையலே போதும். துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, இரண்டு ஓரங்களையும் கால் அங்குலம் உள்ளே தள்ளி ஓட்டுத் தையல் போடு. நூல் பிசிறுகளைக் கத்தரித்துவிட்டுப் பையை உட்புறமாகத் திருப்பி, அதே ஓரங்களை மறுபடியும் கால் அங்குலத்தில் பின்தையலாக, ஒவ்வொரு தையலுக்கும் ஊசியை ஒரு தப்படி பின்னால் கொண்டுவந்து, நெருக்கமாகத் தை. முதல் தையலின் பிசிறு இரண்டாம் தையலுக்குள் சிறைப்பட்டுவிடும். டெய்லர்கள் இதைப் பிரெஞ்ச் தையல் என்பார்கள். இரட்டை வேலையாகத் தோன்றும். ஆனால் பிசிறு வெளியே கிடந்தால், ஷூவின் கொக்கியில் மாட்டி நூல் நூலாக உருவிக்கொண்டு வரும்.

இரண்டு ஓரத்திலும் மேலே இரண்டரை அங்குலத்தைத் தைக்காமல் விட வேண்டும், நாடா அங்கேதான் நுழையும். அந்தப் பிளவின் ஓரங்களை மடித்து அடிக்கும் இடம் கொஞ்சம் வம்பானது; எனக்கே மூன்று முறை பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. ஆகையால் உன் துண்டில் அந்த நான்கு ஓரங்களையும் நானே அடித்துவிட்டேன். நீ அது முடியும் இடத்திலிருந்து கீழ்நோக்கித் தைத்தால் போதும். ஓரங்கள் முடிந்ததும் பையை மறுபடியும் நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பிக்கொண்டு, வாயை முதலில் அரை அங்குலமும் பிறகு ஓர் அங்குலமும் உள்ளே மடித்து, மடிப்பின் கீழ் ஓரத்தை ஒட்டித் தை. முன்பக்கம் தனியாக, பின்பக்கம் தனியாக. சேர்த்துத் தைத்துவிட்டால் பைக்கு வாயே இருக்காது. சிரிக்காதே, நான் ஒரு தடவை அப்படிச் செய்திருக்கிறேன்.

நாடா விஷயத்தை உன் அம்மாயியின் சுருக்குப்பையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். வெற்றிலையும் பாக்கும் சில்லறையுமாக அவர் இடுப்பில் செருகியிருந்த அந்தப் பையை நீ சிறுவயதில் இழுத்து இழுத்து விளையாடியிருக்கிறாய். அதில் ஒரு கயிறு இல்லை, இரண்டு. ஒன்று இடப்பக்கம் நுழைந்து வாயை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இடப்பக்கமே வெளியே வரும். மற்றது வலப்பக்கம் நுழைந்து வலப்பக்கமே வரும். இரண்டையும் எதிரெதிராக இழுத்தால் வாய் சமமாகச் சுருங்கி, முடிச்சுப் போடாமலே நிற்கும். ஒற்றைக் கயிறு போட்ட பை ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். பெட்டி குலுங்கும்போது தானாகவும் திறந்துகொள்ளும். உருண்டைக் கயிற்றைவிடப் பாவாடை நாடாவே மேல். தட்டையாக இருப்பதால் துணியைப் பிடித்துக்கொள்கிறது. நாடா ஒவ்வொன்றும் 36 அங்குலம். முனையில் ஊக்கைக் குத்தி மடிப்புக்குள் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய் வெளியே எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்து முடிந்துவிடு.

துணிப்பை இருக்கிறதே என்று மழையில் நனைந்த ஷூவை அப்படியே போட்டுவிடாதே. ஈரம் பையைத் தாண்டிச் சட்டைக்குப் போகும். இரவில் செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து வைத்தால் விடிவதற்குள் பெரும்பாலான ஈரத்தை அது இழுத்துவிடும். பாலிஷ் போட்ட ஷூவைத் துணியால் நன்றாகத் துடைத்த பின்னரே பையில் வை. ஊருக்குத் திரும்பியதும் பையை உட்புறம் வெளியே வரத் திருப்பி உதறி வெயிலில் போடு. கையோடு விமானத்துக்குள் கொண்டுபோகும் 7 கிலோவில் இது எவ்வளவு தின்னும் என்று கேட்பாய். மூன்று பைகளையும் சேர்த்தாலும் உன் ஒற்றை ஷூவின் கனம் வராது.

இரண்டு பைகளுக்குள்ளும் வெட்டிவேரைச் சிறு முடிச்சாகக் கட்டிப் போட்டிருக்கிறேன்; வாசம் போனதும் சொல், வேறு அனுப்புகிறேன். வெட்டிய துணியைப் பிரிக்கும்போது கவனமாக இரு கண்ணு. ஊசியையும் ஊக்கையும் அதன் நடுமடிப்பில் குத்தி வைத்திருக்கிறேன். நீல நூல்கண்டும் நாடாவும் அதற்கு அடியில் இருக்கின்றன.

அன்புடன்,
அம்மா