செயலாளரின் ஆண்டறிக்கை: நான்குவழிச் சாலையும் நம் சந்திப்புகளும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டறிக்கை என்றால் கூட்டம் எத்தனை, மனு எத்தனை என்று படிப்பது வழக்கம். அந்தக் கணக்கெல்லாம் பதிவேட்டில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஆண்டு நம் கூட்டங்களை விழுங்கியது ஒரே விவாதம்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய நெடுஞ்சாலையைத் தவிர்த்துப் புதிதாகப் போடும் நான்குவழிச் சாலை வந்தால் நெரிசல் தீருமா? வரும்வரை என்ன செய்வது? அதையே இங்கு விரிவாக வைக்கிறேன்.

முதலில் தேசிய நெடுஞ்சாலை எண். களியக்காவிளையில் தொடங்கி குழித்துறை, மார்த்தாண்டம், சுவாமியார்மடம், அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம் வழியாக நாகர்கோவிலுக்குள் நுழைந்து, சுசீந்திரம், கொட்டாரம் கடந்து கன்னியாகுமரி சேர்வது பழைய 47, இப்போது 66. நாகர்கோவிலில் இருந்து தோவாளை, ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு போய் 44-ஐத் தொடுவது பழைய 47பி, இப்போது 944. நம்மில் பலர் இன்னும் பழைய எண்ணையே மனுவில் எழுதுகிறோம். எண் மாறினால் மனு போய்ச் சேரும் மேசையும் மாறும்.

2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தின் 1,684 சதுர கிலோமீட்டரில் 18,70,374 பேர். சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் இடைவெளியே நமக்குக் கிடையாது. அதனால் இங்கு தேசிய நெடுஞ்சாலைதான் கடைவீதி. அதுதான் பள்ளிக்கூடச் சாலை, சந்தைக்குப் போகும் வழியும் அதுதான். கேரளத்துக்குப் போகும் டாரஸ் லாரியும் பிள்ளையை டியூஷனுக்குக் கொண்டுவிடும் ஸ்கூட்டரும் ஒரே தார்ப் பரப்பில் இடம் பிடிக்கின்றன. விவாதம் சூடாகும்போதெல்லாம் குழப்பம் வந்தது இந்த இடத்தில்தான். ஒரு தரப்பு கடந்துபோகும் வண்டியை மனதில் வைத்துப் பேசியது. மறு தரப்பு உள்ளூர் வண்டியை நினைத்துப் பேசியது. இரண்டுக்கும் மருந்து வேறு.

எது எவ்வளவு என்று தெரியாமல் பேசிப் பயனில்லை. அதை அறிய எளிய முறை வண்டி எண்ணைக் குறிப்பது. களியக்காவிளையில் ஒரு குழு, ஆரல்வாய்மொழியில் ஒரு குழு. ஒவ்வொரு வண்டியின் கடைசி நான்கு இலக்கத்தையும் நேரத்தையும் எழுத வேண்டும். பயண நேரத்துக்குள் இரு பட்டியலிலும் வரும் எண்தான் கடந்துபோகும் வண்டி. நான்கு இலக்கம் மட்டும் என்றால் தற்செயலாக ஒத்துப்போகும் எண்களும் கலந்துவிடும். வண்டி வகையையும் சேர்த்து எழுதினால் அந்தப் பிழை குறையும். சபரிமலை சீசனில் எடுத்தால் வேன்களும் வெளியூர் கார்களும் கணக்கைத் தூக்கிக் காட்டும். ஓணம் விடுமுறையும் அப்படித்தான். ஐ.ஆர்.சி. எனப்படும் இந்தியச் சாலைக் காங்கிரஸ், ஊர்ப்புறச் சாலைகளில் தொடர்ந்து ஏழு நாள், ஆண்டுக்கு இரு முறையாவது எண்ணச் சொல்வது இதனால்தான். ஒரு நாள் வந்து எண்ணிவிட்டுப் போகும் அறிக்கையை நாம் கேள்வி கேட்க வேண்டும்.

அடுத்து, சந்திப்பு. என் கருத்தில் இந்த ஆண்டின் உருப்படியான பாடம் இதுதான். சிக்னல் உள்ள சந்திப்பில் ஓர் அணுகுசாலை, முழு நேரமும் பச்சை எரிந்தால் மணிக்கு எவ்வளவு வண்டியை விடும் என்பதற்கு ஐ.ஆர்.சி. கையாளும் சூத்திரம்: மீட்டரில் அகலம் பெருக்கல் 525. விடை பி.சி.யு. கணக்கில் வரும், அதாவது எல்லா வண்டியையும் கார் அளவாக மாற்றிய எண். 8 மீட்டர் அகலம் என்றால் 4,200. இடது ஓரத்தில் ஆட்டோக்கள் வரிசையாக நின்று 2 மீட்டரை எடுத்துக்கொண்டால் மிச்சம் 6 மீட்டர், 3,150. அதாவது 1,050 போயிற்று. சரியாகக் கால் பங்கு. ஒரு சென்ட் நிலம்கூட எடுக்காமல் கால் பங்குச் சாலையை இழக்கிறோம். அதே கணக்கைத் திருப்பினால், ஒரு சென்ட்கூட எடுக்காமல் அதை மீட்கவும் முடியும். ஆட்டோ ஸ்டாண்டை ஒழிக்கச் சொல்லவில்லை. நிறுத்தக் கோட்டில் இருந்து தள்ளி, பக்கச் சாலைக்குள் வைத்தால் போதும்.

கால் பங்கு என்றால் சிறிதல்லவா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நெரிசல் படிப்படியாக ஏறும் சமாசாரம் அல்ல. ஒரு சந்திப்பு மணிக்கு 1,800 விடும், வருவது 1,750 என்றால் ஓரளவு சமாளித்துப் போகும். வருவது 1,900 என்றால் ஒரு மணி நேர முடிவில் 100 கார் அளவுக்கு வரிசை நிற்கும். ஒரு காருக்கு 6 மீட்டர், இரண்டு வரிசை என்று வைத்தாலும் 300 மீட்டர். அது பின்னால் இருக்கும் அடுத்த சந்திப்பை அடைத்தால் அங்கே வேறு திசையில் போகிறவரும் மாட்டிக்கொள்கிறார். நூற்றுக்கு ஐந்தாறு வண்டி குறைந்தாலே இந்த வரிசை உருவாகாது. பள்ளி விடும் நேரத்தைக் கால் மணி முன்பின் மாற்றினால் தெரு மூச்சுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

சிக்னல் நேரத்தைப் பற்றியும் கேட்டார்கள். வெப்ஸ்டர் 1958-இல் தந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. ஒரு சுற்றில் வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி ஐந்தைக் கூட்டுங்கள். ஒன்றில் இருந்து நெருக்கடி விகிதத்தை, அதாவது சந்திப்பு விடக்கூடியதில் வருகிற வண்டி எத்தனை பங்கு என்பதை, கழித்து, அதனால் வகுங்கள். கிடைப்பது ஒரு சுற்றுக்கு வேண்டிய வினாடி. வீண் நேரம் 10 வினாடி, விகிதம் 0.7 என்றால் 20-ஐ 0.3-ஆல் வகுத்து, சுற்று 67 வினாடி. விகிதம் 0.9 ஆனால் 200 வினாடி. அவ்வளவு நேரம் சிவப்பில் யாரும் நிற்க மாட்டார்கள், ஊர்ந்து நடுவுக்கு வந்துவிடுவார்கள். அந்த நிலையில் சிக்னலைக் குறை சொல்வது வீண். அகலத்தை மீட்க வேண்டும், அல்லது வலது திருப்பம் ஒன்றை அடைத்து, தள்ளி ஒரு யு-டர்ன் கொடுக்க வேண்டும். பஸ் நிறுத்தம் சந்திப்பை ஒட்டியே இருந்தால் எந்தச் சூத்திரமும் எடுபடாது. ஒரு பஸ் ஆளேற்றி முடிக்கும்வரை பச்சை முழுதும் பின்னால் நிற்பவருக்கு இல்லை. நிறுத்தத்தைச் சந்திப்பு தாண்டிக் குறைந்தது 75 மீட்டர் தள்ளுங்கள் என்பது நம் கோரிக்கை.

மார்த்தாண்டம் மேம்பாலம் நமக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கும் உதாரணம். பம்மத்தில் இருந்து குழித்துறை பக்கம்வரை, சுமார் இரண்டரைக் கிலோமீட்டர், இரும்புப் பாலம். 2019 மார்ச்சில் முறைப்படி திறக்கப்பட்டது. மேலே போகிறவருக்கு நேரம் மிச்சம், அதை மறுப்பது நியாயமில்லை. ஆனால் சந்தைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் வருகிறவர் கீழேதான் வர வேண்டும். கீழே தூண்கள் நடுவில் இடம் பிடித்திருக்கின்றன. 2024 மே மாதம் பாலத்தின் மேல்தளத்தில் ஓட்டை விழுந்தபோது மேலே போன வண்டிகளும் கீழே இறங்கின. ஒரே தடத்தை நம்பும் எந்தத் திட்டத்துக்கும் இந்த நாள் வரும். அந்த நாளுக்கான மாற்றுவழி வரைபடம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

இனி நான்குவழி. ஆதரவாகப் பேசியவர்கள் சொன்னதில் வலு உண்டு. ஐ.ஆர்.சி. கணக்கில் சமவெளியில் இருவழிச் சாலை நாளொன்றுக்கு 15,000 பி.சி.யு. தாங்கும், நடுத்தடுப்பு உள்ள நான்குவழி, தார் போட்ட ஓரத்துடன் 40,000. எதிரெதிர் வண்டிகளைப் பிரிப்பதால் நேருக்கு நேர் மோதல் குறையும். விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டுவிட்டது. அங்கிருந்து வரும் கன்டெய்னர்களைத் தக்கலை சந்திப்பு வழியாக விட முடியாது.

எதிர்த்தவர்கள் கேட்டது மண்ணைப் பற்றி. பணி ஆண்டுக்கணக்கில் இழுத்ததற்கு மண் தட்டுப்பாடு பெரிய காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் இவ்வளவு மண் என்று ஒரு மாதிரிக் கணக்குப் போட்டோம். வயலுக்கு மேலே 3 மீட்டர் உயரக் கரை, மேல் அகலம் 25 மீட்டர், இரு பக்கமும் சரிவு, உயரம் ஒன்றுக்கு அகலம் இரண்டு. குறுக்கு வெட்டு 93 சதுர மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு இறுக்கிய மண் 93,000 கன மீட்டர். வெட்டி ஏற்றும்போது மண் பொங்கும். கால் பங்கு கூட்டினால் 1,16,000 சொச்சம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, 2.83 கன மீட்டர். ஆக ஏறத்தாழ 41,000 யூனிட். அனுமதித்த எடைக்குள் ஒரு டாரஸுக்கு நாலு யூனிட் என்றால் கிலோமீட்டருக்குப் பத்தாயிரம் லோடுக்கு மேல். மலையை வெட்டக்கூடாது, குளத்து மண்ணுக்கு அளவு உண்டு என்னும் மாவட்டத்தில் அது எங்கிருந்து வரும்? அந்த லோடுகள் ஓடப்போவதும் இப்போது நெரியும் அதே சாலையில்தான். குளமும் தாழ்ந்த வயலும் உள்ள இடங்களில் கரைக்குப் பதில் தூண்மேல் பாலம் கேட்பது ஆடம்பரம் அல்ல என்று சபை ஏற்றது. செலவு கூடும்; மண் வேண்டாம், தண்ணீரும் நிற்காது.

தண்ணீர் விஷயத்தில் நாஞ்சில்நாட்டுக்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. கரை வரும் இடத்தில் குளத்துத் தண்ணீர் வயலுக்குப் பாயும் மடை எது, மிகுந்த நீர் வெளியேறும் மறுகால் எது, குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எது என்று மூன்றையும் தனித்தனியே குறிக்க வேண்டும். வரைபடத்தில் நீலக் கோடாக ஆற்றையும் பெரிய கால்வாயையும்தான் காட்டுவார்கள். வயலுக்கு வயல் பாயும் ஓடை அதில் வராது. அங்கே குழாய் போடாமல் கரை எழும்பினால் மேல்பக்க வயலில் தண்ணீர் கட்டும், கீழ்பக்கம் காயும். குழாய் போட்டாலும் 60 சென்டிமீட்டர் வாய் என்றால் ஆகாயத்தாமரையும் தென்னை மட்டையும் ஒரே மழையில் அடைத்துவிடும். ஆள் குனிந்து உள்ளே போய்ச் சுத்தம் செய்யும் அளவு பெட்டிக் கல்வெட்டுதான், அதாவது சாலைக்கு அடியில் தண்ணீர் போகக் கட்டும் சதுர வாய்ச் சிறு பாலம்தான் வேண்டும். அதன் அடிமட்டம் வயல் மட்டத்துக்கு மேலே போய்விட்டால் அது வெறும் அலங்காரம். பணி நடக்கும்போதே மட்டக்கோல் வைத்துப் பார்த்து எழுதிக் கொடுங்கள். தார் போட்ட பிறகு யாரும் உடைக்க மாட்டார்கள்.

அகலமாக்கினால் வண்டியும் பெருகும் என்ற வாதத்துக்கு ஹூஸ்டன் நகரத்துக் கேட்டி நெடுஞ்சாலையைக் காட்டினார்கள். 2008-இல் சில இடங்களில் 26 தடம்வரை விரித்தும், சில ஆண்டுகளில் உச்ச நேரப் பயணம் மீண்டும் நீண்டது. சாலையைக் குறைத்தும் ஊர் சமாளிக்கும் என்பதற்கு, சியோலில் 2003-இல் மேம்பாலச் சாலையை இடித்து 2005-இல் ஓடையைத் திறந்ததையும் சொன்னார்கள். நல்ல உதாரணம்தான், ஆனால் சியோலில் மெட்ரோ ரயில் இருந்தது. நம்மிடம் இருப்பது அரசு பஸ்ஸும் 1979-இல் வந்த திருவனந்தபுரம் ரயில் பாதையும்.

அந்த இரண்டையும் நாம் சரியாகப் பயன்படுத்தவில்லை. 50 பேர் ஏறிய பஸ் 3 பி.சி.யு. அதே 50 பேர் இருவராகக் காரில் வந்தால் 25. பைக்கில் ஒருவர் ஒருவராக வந்தாலும், அரை என்று கணக்கிட்டால், 25 தான். குழித்துறை, இரணியல் ஸ்டேஷன்கள் கடைவீதியில் இருந்து தள்ளி இருக்கின்றன. ரயில் வரும் நேரத்துக்கு ஒரு மினி பஸ் நின்றால்தான் ஆள் ஏறுவார். ஒற்றைப் பாதையில் எதிர் வண்டிக்காகக் காத்திருப்பதால் குறுந்தூர ரயில்களைக் கூட்ட முடியவில்லை. இரட்டைப் பாதை முடியும்போது காலை, மாலை அலுவலக நேரத்துக்குப் பாசஞ்சர் கேட்டு இப்போதே எழுத வேண்டும். கால அட்டவணை போட்ட பிறகு கேட்டால் இடம் இருக்காது.

நிலம் எடுப்பு பற்றிச் சுருக்கமாக. 1956 தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் நிலம் எடுக்கப்போவதாகச் சொல்லும் 3ஏ அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் 3சி-யின் கீழ் எழுத்து மூலம் ஆட்சேபம் தர வேண்டும். நிலத்தை எடுத்துவிட்டதாக அறிவிக்கும் 3டி ஓராண்டுக்குள் வராவிட்டால் 3ஏ அறிவிப்பு காலாவதி. "சாலை வேண்டாம்" என்று பொதுவாக எழுதிய ஆட்சேபம் நிற்காது. பழைய சர்வே எண், ரீசர்வே எண் இரண்டையும், உட்பிரிவையும், எந்தக் கால்வாய் வெட்டுப்படுகிறது என்பதையும் எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். தென்னை, ரப்பர், பலா எத்தனை மூடு மரம் என்று படத்தோடு பட்டியல் வையுங்கள். மரம் வெட்டிய பிறகு எண்ண முடியாது.

சபை முன் வைக்கும் தீர்மானம் ஒன்றுதான். நான்குவழியை நம் சங்கம் எதிர்க்கவில்லை. குளங்களில் பாலமும் போதிய கல்வெட்டும் இல்லாத வரைபடத்தை எதிர்க்கிறது. அதோடு, புதிய சாலை திறக்கும் அன்றே பழைய 66-இல் கனரக லாரிகளை நிறுத்தி, அந்த இடத்தைப் பஸ் நிறுத்தத்துக்கும் நடைபாதைக்கும் குறித்துவிட வேண்டும். ஆறு மாதம் சும்மா விட்டால் காலியான இடத்தைப் பார்க்கிங் பிடித்துக்கொள்ளும், பிறகு எடுக்க முடியாது. பழைய சாலையை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் ஒப்படைக்கும்போது செய்யும் மராமத்தில் இந்த வேலைகளையும் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்திப்பு எண்ணும் பணிக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வாருங்கள். நாலு கை சந்திப்புக்குத் திருப்பம் பன்னிரண்டு. கைக்கு இருவர் வீதம் எட்டுப் பேர், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்று. கால் மணிக்கு ஒரு தாள். பேனா வேண்டாம், சாரலில் கரைந்துவிடும். பென்சிலும் கிளிப் அட்டையும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்