மாலை நேர ஆங்கில வகுப்புக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கனடாவில் வான்கூவரை அடுத்த ரிச்மண்டில், சீனாவிலிருந்து வந்தவர்களுக்காக நடக்கும் எங்கள் மாலை நேர ஆங்கில வகுப்பு மறுபடியும் நடக்கத் தொடங்கிவிட்டது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி எங்கள் மாணவர் ஒருவருக்கு இருப்பது வெளியே தெரிந்து, மற்றவர்களிடம் பயம் பரவி, வகுப்பு இடையில் தடைப்பட்டது. யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் அவற்றை இங்கே மீண்டும் எழுதவில்லை. சீனக் குடும்பங்களுக்குத் தனியாக நன்றிக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். உதவிக்கு வந்தவர்களில் வான்கூவர் வட்டாரத் தமிழர்களும் பலர் இருந்ததால், உங்களுக்கு நம் மொழியிலேயே நன்றி சொல்ல விரும்புகிறேன்.

இந்த வகுப்பில் ஹெபடைடிஸ் பி பற்றிய பாடம் எதற்கு என்று அந்த நாட்களில் பலர் கேட்டார்கள். சீனாவில் 1992இல்தான் இதற்கான தடுப்பூசி குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது. அதற்கு முன் பிறந்த பெரும்பாலோருக்குப் பிறந்தவுடன் அந்த ஊசி கிடைக்கவில்லை. எங்கள் மாணவர்கள் அந்தத் தலைமுறையினர். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு இந்தக் கிருமி வாழ்நாள் முழுவதும் உடலில் தங்கிவிடும் என்பதையும், பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து கல்லீரலைச் சுருக்கவோ அங்கே புற்றுநோயை உண்டாக்கவோ அதனால் முடியும் என்பதையும் அவர்களுக்கு யாராவது சொல்லியாக வேண்டும். புதிதாக வந்தவர்கள் வேறெங்கும் போகாவிட்டாலும் ஆங்கிலம் படிக்க வருகிறார்கள். மருத்துவரிடம் நேரம் கேட்பது, படிவம் நிரப்புவது, இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று வாய் திறந்து சொல்வது ஆகியவை எப்படியும் மொழிப்பாடத்தில் வருபவைதாம். சியாட்டிலின் பிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் வான்கூவர் பகுதியின் சீனக் குடியேறிகளிடையே இதே வழியை முன்பே சோதித்து, ஆங்கில வகுப்பில் இந்தப் பாடத்தைக் கேட்டவர்களுக்கு நோயைப் பற்றிய அறிவு கூடியிருந்ததைக் கண்டிருக்கிறார்கள்.

இத்தனையும் தெரிந்திருந்தும், அந்த வாரங்களில் என் படங்களாலும் அட்டைகளாலும் ஆகாத ஒரு காரியத்தை எங்கள் வகுப்பின் மூத்த மாணவி செய்தார். எல்லோரும் 'போபோ' என்று அழைக்கும், குவாங்தோங் மாகாணத்திலிருந்து மகளுடன் வாழ வந்த பாட்டி அவர். உணவகச் சமையலறையில் வேலை பார்க்கும் ஒரு மாணவருக்கு இந்தக் கிருமி இருப்பது வெளியே தெரிந்த நாளிலிருந்து, யாரும் சொல்லாமலேயே அந்த மாணவர் தன் கிண்ணத்தையும் சாப்பாட்டுக் குச்சிகளையும் பிரித்து வைத்துக்கொண்டு, இடைவேளையில் சன்னலோரம் தனியாக உட்காரத் தொடங்கியிருந்தார். (அவருடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன்.) வகுப்பு மறுபடி தொடங்கிய மாலையிலும் அப்படியே உட்கார்ந்தார். மேசையில் இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி ஆவியில் வேகவைத்த மீன் இருந்தது. போபோ எழுந்து, மீனின் கன்னப்பகுதிச் சதையைத் தன் குச்சிகளாலேயே எடுத்துக்கொண்டு நடந்து போய், அதை அவருடைய கிண்ணத்தில் வைத்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருடைய டப்பாவிலிருந்து ஒரு துண்டு டோஃபுவை எடுத்துத் தின்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, அன்று நான் பலகையில் எழுதியிருந்த ஆங்கில வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தார்: சேர்ந்து சாப்பிடுவதால் ஹெபடைடிஸ் பி தொற்றாது.

உறவினருக்கும் விருந்தினருக்கும் மீனின் நல்ல பாகத்தை எடுத்து வைப்பது அவர்கள் வீடுகளில் மரியாதை. அந்த மரியாதை எல்லோர் முன்னிலையிலும் அந்த மாணவருக்குக் கிடைத்தது. சற்று நேரத்தில் இன்னும் இருவர் தங்கள் கிண்ணங்களோடு சன்னலோரம் போய் உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் போபோ, குடும்ப மருத்துவர் எழுதிக் கொடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துவந்து, அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துக் காட்டச் சொன்னார். மற்றவர்கள் அவரைச் சுற்றி நின்று கேட்டார்கள். அவ்வளவு கூர்ந்து கவனித்த வகுப்பை நான் நடத்தியதே இல்லை.

மாணவர்களின் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. வேலைக்கும் கல்லூரிக்கும் சேரும்போது செய்யப்படும் உடற்பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி சோதனை கூடாது என்று சீன அரசு 2010இல்தான் ஆணையிட்டது. அதற்கு முன் இந்த ஒரு சோதனை முடிவால் வேலையும் படிப்பும் இழந்தவர்கள் உண்டு. அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த மனிதரிடம், இரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகியவற்றின் வழியாகத்தான் இது பரவும், கட்டியணைப்பதாலோ இருமலாலோ உணவாலோ பரவாது என்று எத்தனை முறை சொன்னாலும் அது காதோடு நின்றுவிடுகிறது. பக்கத்தில் ஒருவர் வந்து உட்காரும்போதுதான் அந்தச் செய்தி உள்ளே இறங்குகிறது என்று இப்போது நம்புகிறேன்.

ஓய்வு நாளில் வந்து கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன செவிலியர் அக்காவுக்கும், வாடகை வாங்காமல் கூடத்தைத் திறந்துவிட்டவர்களுக்கும், காண்டனீஸிலும் மாண்டரினிலும் மொழிபெயர்த்த இளைஞர்களுக்கும், தாய்மார் படிக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்களுக்கும், இரவு நேரத்தில் மூத்த மாணவர்களை வீடு வரை கொண்டுபோய் விட்ட அண்ணன்மாருக்கும், பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு பணம் அனுப்பியவர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. உங்களில் ஒருவர் விலகியிருந்தாலும் வகுப்பு நின்றுபோயிருக்கும்.

இனி தொடங்கும் ஒவ்வொரு வகுப்பிலும் இந்தப் பாடத்தை நடத்துவேன். தன் உடல்நிலையை யாரும் இங்கே சொல்ல வேண்டியதில்லை என்பதைத்தான் முதலில் பலகையில் எழுதுவேன். கிருமி இருப்பவர்களுக்கு அதை அடக்கி வைக்கும் மாத்திரைகள் உண்டு, தேவைப்படுவோர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பார்த்தால் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்கலாம், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்கு இந்த மாகாணத்தில் தடுப்பூசி இலவசம் என்பதையெல்லாம் ஒவ்வொருவரும் தம் வாயால் ஆங்கிலத்தில் சொல்லும் வரை அடுத்த பாடத்துக்குப் போக மாட்டேன். பாடம் முடிந்ததும் அதே கூடத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். செவிலியர் அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். மீன் தன் பொறுப்பு என்று போபோவும் சொல்லிவிட்டார். நீங்களும் குடும்பத்தோடு வர வேண்டும்.

நன்றியுடன்,
வகுப்பாசிரியை