குற்றம் தொலைபேசிக் கம்பியில் மட்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தொலைபேசி வழியே கணினிகளை இணைத்த பழைய மோடம்கள் குறித்துத் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, கோப்புகள் சிதைந்து வந்ததற்கெல்லாம் தொலைபேசி இணைப்பின் இரைச்சலே காரணம் என்கிறது. தொண்ணூறுகளில் திருநெல்வேலியில் கணினி பழுது பார்த்தவன் நான். இதை ஏற்க முடியவில்லை.

இரண்டு மோடம்களும் வி.42 என்ற பிழைதிருத்த முறையில் இணைந்துவிட்டால், இரைச்சலில் கெட்ட துண்டை அவையே மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். வேகம் குறையும், தரவு கெடாது. அப்படியும் கோப்புகளை அனுப்பிப் பெறும் இசட்மோடம் முறையின் திரையில் சிஆர்சி பிழைகள் (தரவு சரியாக வந்ததா என்ற சோதனையில் தெரியும் பிழைகள்) வரிசையாக வந்தால், மோடத்துக்கும் கணினிக்கும் இடையில்தான் தேட வேண்டும். மோடத்தைக் கணினியோடு இணைக்கும் சீரியல் போர்ட்டில் இருந்த 8250, 16450 சில்லுகள் வந்த பைட் ஒன்றை மட்டுமே பிடித்துவைக்கும். வினாடிக்கு 57,600 பிட் வேகத்தில் அடுத்த பைட் சுமார் 174 மைக்ரோ வினாடியில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் விண்டோஸ் வட்டில் எழுதிக்கொண்டிருந்தால் முந்தையது தொலைந்தது! 16550ஏ சில்லோ 16 பைட்டுகள் வரை தாங்கும். புது மோடம் வாங்கப் புறப்பட்ட எத்தனையோ வாடிக்கையாளர்களைத் தடுத்து, இந்தச் சில்லுள்ள கார்டைப் பொருத்திக் கொடுத்திருக்கிறேன்.

மென்பொருளில் ஆர்டிஎஸ்/சிடிஎஸ் கட்டுப்பாடு (‘நிறுத்து’, ‘அனுப்பு’ என்பதைத் தனிக் கம்பிகள் வழியே சொல்லும் முறை) இயங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அதையே தரவோடு சேர்ந்து வரும் குறிகளால் சொல்லும் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் முறையில் கோப்புக்குள் இருக்கும் பைட்டுகளே நிறுத்தக் குறியாகக் கொள்ளப்படலாம்.

பழைய கருவிகளை இயக்கிப் பார்க்கும் இளைஞர்கள் முதலில் போர்ட் வேகத்தை 19,200க்குக் குறைத்துப் பார்க்கட்டும். பிழைகள் நின்றுவிட்டால் தொலைபேசி இணைப்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற கணினிப் பழுதுபார்ப்பாளர்,
திருநெல்வேலி